கம்ப்யூட்டருக்கு ஒரு பரண்

நம் வீடுகளில் பரண் என்று ஒன்று உண்டு. அன்றாடம் வேண்டாதவையும், ஆனால் எறிய மனம் வராதவையும் அங்கே ஏறும். வெண்கலப் பானை, கொலு பொம்மைப் பெட்டி, அக்காளின் பள்ளிக்கூட நோட்டுகள், கால் ஒடிந்த முக்காலி, எல்லாவற்றுக்கும் அங்கே இடம் கிடைக்கும். பிழைப்புக்காக எங்கள் குடும்பம் தில்லிக்கு வந்து இரண்டு அறை வீடு ஒன்றைப் பார்க்கப் போனபோது, என் தாயார் கேட்ட முதல் கேள்வியே, "பரண் இருக்கா?" என்பதுதான்.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இப்படி ஒரு பரண் தேவைப்படும் காலம் வந்துவிட்டது. சாதாரண விலையில் கிடைக்கும் மடிக்கணினிகள் பலவற்றில் உள்ளே இருக்கும் இடம் 512 ஜிகாபைட். நான்கு ஆண்டுப் படங்களும் ஒரு கலியாண வீடியோவும் ஏறினால் சிவப்புக் கோடு தலைகாட்டத் தொடங்குகிறது. உடனே நண்பர்கள், வெளியிலிருந்து செருகக்கூடிய டிஸ்க் ஒன்றைத் தேடிக் கடைக்குப் புறப்படுகிறார்கள். பௌதிகம் படிப்பவன் என்பதாலோ என்னவோ, மன்றக் கூட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர் என்னை ஓரமாக அழைத்து, "எது வாங்கலாம்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. தனித்தனியே சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

கடைக்காரர் இரண்டு எண்களைச் சொல்வார்: எத்தனை டெராபைட், எவ்வளவு வேகம். இரண்டும் தேவையே. ஆயினும் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று இருக்கிறது. இந்தப் பொருள் எப்படிச் சாகும்? புதுப் பொருள் வாங்கும்போது இப்படிக் கேட்பது அபசகுனம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். நான் அதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு.

எம்.எஸ்சி. முதலாண்டு விடுமுறையில் வீட்டில் இருந்தேன். கம்ப்யூட்டரில் இடமில்லை என்று அப்பா நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 1 டெராபைட் டிஸ்க் ஒன்றை வாங்கி வந்து, படங்களையும் வீடியோக்களையும் அதில் ஏற்றினேன். ஏற்றினேன் என்றால், நகல் எடுக்கவில்லை. இங்கிருந்து வெட்டி அங்கே ஒட்டினேன். கம்ப்யூட்டர் காலியாயிற்று, அப்பாவுக்கு மகிழ்ச்சி. பதினோராம் நாள், ஏதோ ஒரு படத்தைத் தேடுவதற்காக டிஸ்க்கைச் செருகி மேசை ஓரத்தில் வைத்திருந்தேன். கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்து எழுந்தபோது கேபிள் முழங்கையில் சிக்கியது. இரண்டரை அடி உயரத்திலிருந்து டிஸ்க் மொசைக் தரையில் விழுந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. "என்னல அது?" என்று அடுத்த அறையிலிருந்து அப்பா கேட்டார். "ஒண்ணுமில்லப்பா" என்றேன். மறுபடி செருகிப் பார்த்தால், டிக், டிக், டிக் என்று கடிகாரம் போல ஓர் ஓசை. திரையில் ஒன்றும் வரவில்லை.

அதற்குள் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர் வீட்டின் படங்கள் இருந்தன. அந்த வீடு இப்போது வேறொருவருடையது. ஆச்சி பேசிய 38 நிமிடப் பதிவு ஒன்றும் இருந்தது. ஒரு கொடை நாளன்று, குளம் உடைந்த வருஷத்துக் கதையை அவள் சொல்லச் சொல்ல நான் செல்போனில் பிடித்தது. அந்தச் செல்போனைக் கொடுத்துப் புதிது வாங்கியாயிற்று. ஆச்சியும் முந்திய ஆண்டே காலமாகிவிட்டாள்.

தொலைந்ததை மீட்டுத் தரும் நிலையம் ஒன்றுக்குக் கொண்டுபோனோம். அவர்கள் கேட்ட தொகை டிஸ்க்கின் விலையைப் போலப் பல மடங்கு. அப்பா மறுபேச்சில்லாமல் கொடுத்தார். பாதிக்கு மேற்பட்ட படங்கள் திரும்பி வந்தன. ஆச்சியின் பதிவுக்குப் பெயர் மட்டும் வந்தது. திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை.

இரண்டரை அடி விழுந்ததற்கு ஏன் இவ்வளவு பெரிய தண்டனை? அந்தப் பெட்டிக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் வியப்பு இராது. ஹார்ட் டிஸ்க் என்பது உள்ளபடியே ஒரு சுழலும் தகடு. 1956-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ராமாக் என்ற யந்திரத்தில்தான் இந்த முறை முதன்முதல் விற்பனைக்கு வந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள். மொத்த எடை ஒரு டன்னுக்கும் அதிகம். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு படத்துக்கு அது போதும், போதாது என்ற நிலை. தகடு சுருங்கி உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டதே தவிர, முறை மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தகடு சுழல்கிறது. அதன் மேல் ஒரு சிறு முனை நகர்ந்து நகர்ந்து எழுதுகிறது, படிக்கிறது.

நாம் பையில் கொண்டுபோகும் டிஸ்க்கின் தகடு பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 முறை சுழல்வது. அதாவது ஒரு விநாடிக்கு 90 சுற்று. தகட்டின் விட்டம் ஏறத்தாழ 65 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: தகட்டின் விளிம்பு மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. அதன் மேல் முனை தொடாமல் மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர். நம் தலைமயிர் ஒன்றின் தடிமனோ ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். இவ்வளவு நெருங்கினால்தான் பொடிப்பொடியான காந்தப் புள்ளிகளை அந்த முனையால் உணர முடியும். அப்படி உணரும் திறனை வளர்த்ததில் நம் பௌதிகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1988-இல் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் பீட்டர் குரூன்பெர்க்கும் தனித்தனியே கண்டறிந்த ஒரு காந்த விளைவு, பத்தாண்டுகளுக்குள் இந்த முனைகளில் ஏறிவிட்டது. 2007-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வகுப்பில் கரும்பலகையில் எழுதிய சூத்திரம் வீட்டு மேசையில் கிடந்து சுழல்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சியே.

ஆனால் சுழன்றுகொண்டிருக்கும்போது விழுந்தால் முனை தகட்டில் மோதும். மோதிய இடத்தில் பூச்சு உரியும். உரிந்த தூள் பறந்து மற்ற இடங்களையும் கீறும். நின்றிருக்கும் டிஸ்க்கின் கதை வேறு. மின்சாரம் நின்றதும் முனை தகட்டை விட்டு விலகி, ஓரத்தில் உள்ள ஒரு சிறு தாங்கியில் போய் அமர்ந்துகொள்ளும். ஆதலின் பைக்குள் இருக்கும் டிஸ்க் தாங்கும் அடியில் ஒரு பகுதியைக்கூட, ஓடும் டிஸ்க் தாங்காது. என்னுடையது பைக்குள் இருந்து விழுந்திருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். இதிலிருந்து வரும் வழக்கங்கள் எளியவை: ஓடும்போது மேசையின் உட்பக்கமாக, படுக்கைவாட்டில் வைப்பது, கேபிளை மனிதர் நடமாடும் பக்கம் தொங்கவிடாமல் இருப்பது, கம்ப்யூட்டரில் விடைகொடுத்த பின்பும் சுழற்சி நிற்கச் சில விநாடி பொறுத்துக் கையில் எடுப்பது.

ஹார்ட் டிஸ்க்கிடம் ஒரு நற்குணமும் உண்டு. பெரும்பாலும் அது சொல்லாமல் போவதில்லை. ஒரு கோப்பைத் திறக்க வழக்கத்துக்கு மேல் நேரமாகும். நகல் எடுக்கையில் பாதியில் நின்று மூச்சு வாங்கும். புதிதாக ஓர் ஓசை கேட்கும். தன் உடல்நிலையை அது தானே ஒரு குறிப்பில் எழுதியும் வருகிறது. ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ் போன்ற இலவச நிரல்களால் அதைப் படிக்கலாம். பழுதாகி ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனால், அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள். அடுத்த நிமிஷமே உள்ளே இருப்பதை வேறிடத்துக்கு நகல் எடுங்கள்.

மலிவான ஹார்ட் டிஸ்க்குகளில் இன்னொரு சங்கதி உண்டு. பெட்டியின் மேல் இதைப் பெரும்பாலும் அச்சிடுவதில்லை. நாட்டு ஓடு வேய்ந்த கூரையைப் பார்த்திருப்பீர்கள். ஓர் ஓட்டின் விளிம்பின் மேல் அடுத்த ஓடு கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருக்கும். அதே போலக் காந்தத் தடங்களை ஒன்றின்மேல் ஒன்று சற்று ஏற்றி எழுதினால், அதே தகட்டில் அதிகம் எழுதலாம். பையில் கொண்டுபோகும் பெரிய கொள்ளளவு டிஸ்க்குகள் பல இம்முறையில் செய்யப்பட்டவையே. படிப்பதற்குத் தடையில்லை. ஆனால் நடுவில் உடைந்த ஓட்டை மாற்றப் போனவருக்குத் தெரியும், ஒன்றை எடுக்க அக்கம்பக்கத்து ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டும். அதுபோல, எழுதியதன்மேல் திருத்தி எழுதும்போது டிஸ்க் ஒரு வரிசையையே எடுத்து மறுபடி எழுதுகிறது, வேகம் படுத்துவிடுகிறது. படங்களை ஒருமுறை ஏற்றி வைத்துவிட்டு எப்போதாவது பார்ப்பவருக்கு இதனால் துன்பமில்லை. தினமும் அதிலேயே வீடியோ வெட்டி ஒட்டுபவர் இதை வாங்கக்கூடாது.

இனி எஸ்.எஸ்.டி. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக, சத்தமில்லாமல், கீழே போட்டாலும் பிழைக்கும் அந்தப் பொருளைக் காட்டி, "இதுதான் இக்காலத்துக்கு ஏற்றது" என்று கடைக்காரர் சொல்வார். அவர் சொல்வதில் பாதி உண்மை. இதில் சுழல்வது ஒன்றுமில்லை. தோஷிபாவில் பணிபுரிந்த ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகமே இதன் உள்ளுறுப்பு. மின்சாரம் கடத்தாத சுவர் சூழ்ந்த நுண்ணறைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. சுவரைத் தாண்டி எலெக்ட்ரான்களை உள்ளே தள்ளி அடைத்துவைப்பது எழுதுவது; எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்று அளந்து பார்ப்பது படிப்பது.

தொடக்கத்தில் ஓர் அறைக்கு ஒரு பிட்தான். அறை நிறைந்திருக்கிறதா, காலியா என்று பார்த்தால் போதும். பிறகு விலையைக் குறைக்க, ஓர் அறையில் மூன்று பிட், நான்கு பிட் என்று திணித்தார்கள். மூன்று பிட்டுக்கு 8 மட்டங்களைப் பிரித்தறிய வேண்டும்; நான்குக்கு 16. ஒரே படியில் அரைப்படி, கால்படி, அரைக்கால்படி என்று கோடு போட்டுக்கொண்டே போவது போல. கோடுகள் நெருங்க நெருங்கச் சிறு கசிவும் கணக்கைக் கெடுக்கும். ஒரு பிட் அறை ஏறத்தாழ ஒரு லட்சம் முறை எழுதத் தாங்கியது. நான்கு பிட் அறை ஆயிரம் முறை தாங்கினால் பெரிது.

ஆயிரம் என்று கேட்டதும் அஞ்ச வேண்டாம். 1 டெராபைட் எஸ்.எஸ்.டி.யை வாரம் ஒரு முறை முழுதும் அழித்து எழுதினாலும் ஆயிரத்தை எட்டப் பத்தொன்பது ஆண்டு ஆகும். வீட்டில் யார் அப்படி எழுதுகிறார்கள்? நம் கவலை தேய்மானம் அன்று. அடைபட்ட எலெக்ட்ரான்கள் மெல்லக் கசிவதே கவலை. மின்சாரமே காட்டாமல் பெட்டியில் பூட்டி வைத்தால் அது சிறிது சிறிதாக மறக்கும். வெப்பம் மிகுந்தால் விரைவாக மறக்கும். இத்துறைக்கு அளவுகோல் வகுக்கும் ஜெடெக் என்ற அமைப்பு, ஆயுள் முடியும் அளவு எழுதித் தேய்ந்த வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி., மின்சாரமின்றி 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு நினைவு வைத்திருந்தால் போதும் என்று விதித்திருக்கிறது. புதிது இதைவிட நெடுங்காலம் வைத்திருக்கும் என்பது உண்மைதான். எனினும், தில்லியின் ஜூன் மாதத்தில் மாடி அறை அலமாரியில் ஐந்தாண்டு கிடத்துவதற்கு நான் எஸ்.எஸ்.டி.யைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

அதன் சாவும் வேறு வகை. டிக் டிக் இல்லை, மூச்சு வாங்குதல் இல்லை. நேற்று வரை ஓடியது, இன்று செருகினால் கம்ப்யூட்டர் அதை அறியாது. உள்ளே உள்ள அறைகளையெல்லாம் கட்டி மேய்க்கும் சில்லு ஒன்று உண்டு. எது எங்கே இருக்கிறது என்ற கணக்கு அதனிடம்தான். அது போனால் கணக்கு போயிற்று. ஹார்ட் டிஸ்க்கின் தகட்டிலாவது எழுதியது எழுதியபடி இருக்கும். கீறாத பகுதியை எங்களைப் போலப் பணம் கொடுத்துப் பொறுக்கலாம். இதில் பெரும்பாலும் அதற்கு வழி குறைவு. பென் டிரைவும் மெமரி கார்டும் இதே இனத்தைச் சேர்ந்தவை, பல சமயம் தரம் குறைந்த சில்லுகளோடு. ஒரு கோப்பை நண்பர் அறைக்குக் கொண்டுபோக அவை போதும். எதையும் காத்து வைக்க அவை ஆகா.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1 டெராபைட்டை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்ற ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம் ஆகும். நல்ல எஸ்.எஸ்.டி.யில் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் மலிவான நான்கு பிட் எஸ்.எஸ்.டி. முதல் சில பத்து ஜிகாபைட் வரை பாய்ந்து ஓடிவிட்டு, பிறகு ஹார்ட் டிஸ்க்கைவிடவும் மெதுவாக நடக்கத் தொடங்குவதுண்டு. பெட்டியில் அச்சிட்டிருப்பது அந்த முதல் ஓட்டத்தின் வேகம்.

அப்படியானால் எதை வாங்குவது? தினமும் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் அலைபவர், ஆய்வுக்கூடத்துக்கும் விடுதிக்கும் இடையே கோப்புகளைச் சுமப்பவர், டிஸ்க்கிலிருந்தே நேராக வேலை செய்பவர் எஸ்.எஸ்.டி. வாங்கட்டும். வீட்டில் ஓரிடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துப் படங்களை ஏற்றி மறுபடி அலமாரியில் வைக்கும் குடும்பத்துக்குச் சாதாரண ஹார்ட் டிஸ்க்கே போதும். ஒரு டெராபைட்டுக்கு ஆகும் செலவும் அதில்தான் குறைவு. மேசையை விட்டு நகராத பெரிய 3.5 அங்குல டிஸ்க்கும் கிடைக்கிறது. அதற்குத் தனி அடாப்டர் வேண்டும். மின்வெட்டு அடிக்கடி வரும் இடத்தில் யு.பி.எஸ். இல்லாமல் அதை வைப்பதை நான் விரும்பவில்லை. பழைய மடிக்கணினி ஒன்று செயலற்றுக் கிடந்தால், அதன் உள்ளிருக்கும் டிஸ்க்கைக் கழற்றி ஒரு கேசிங்கில் போட்டுக்கொள்ளலாம். நேரு பிளேஸில் கேசிங் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. இரண்டாவது நகலுக்கு அது தாராளமாகப் போதும், ஸ்மார்ட் குறிப்பை முதலில் பார்த்துக்கொண்டால்.

வாங்கும்போது இடறும் கற்கள் சில. 1 டெராபைட் வாங்கினேன், 931 ஜிகாபைட்தான் காட்டுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று ஒரு நண்பர் சண்டைக்கே போய்விட்டார். ஏமாற்று இல்லை. விற்பவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார். விண்டோஸ் 1,024 ஆல் வகுக்கிறது. பழைய படிக்கும் புதிய லிட்டருக்கும் உள்ள வழக்குப் போன்றது இது. ஆனால் உண்மையான ஏமாற்றும் உண்டு. இணைய விளம்பரங்களில் 16 டெராபைட் எஸ்.எஸ்.டி. என்று ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டு விலைக்கு வருகிறதே, அதற்குள் இருப்பது பெரும்பாலும் சிறு மெமரி கார்டு ஒன்றே. பெரிய டிஸ்க் போல நடிக்கும்படி அதைத் திருத்தியிருப்பார்கள். நிறையும் வரை எல்லாம் நன்றாகவே தோன்றும். பிறகு புதிதாக எழுதுவதெல்லாம் பழையதன்மேல் விழும், அல்லது எங்கும் விழாது. எதை வாங்கினாலும் முதல் நாளே எஃப்3 அல்லது எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரலால் முழுவதும் நிரப்பிப் படித்துப் பாருங்கள். ஓர் இரவு ஆகும், ஆகட்டும்.

கேபிளைப் பலர் பொருட்படுத்துவதில்லை. இருபுறமும் ஒரே மாதிரி நுழையும் சி வகை முனை என்பது வடிவம் மட்டுமே. உள்ளே எத்தனை கம்பி ஓடுகிறது என்பதை அது சொல்லாது. செல்போன் சார்ஜரோடு வரும் கேபிள் பெரும்பாலும் பழைய யு.எஸ்.பி. 2.0 வேகத்துக்கு மட்டுமே ஆனது. அதில் மாட்டினால் இரண்டேகால் மணி நேரம் எட்டு மணி நேரமாகும். நீங்கள் டிஸ்க்கைப் பழிப்பீர்கள். டிஸ்க்கோடு வந்த கேபிளில் ஒரு நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டில் விண்டோஸ், விடுதியில் லினக்ஸ், நண்பரிடம் ஆப்பிள் என்றிருந்தால் டிஸ்க்கை எக்ஸ்ஃபாட் முறையில் அமைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் அதைப் படிக்கும், எழுதும். பழைய ஃபாட்32 ஆகாது. 4 ஜிகாபைட்டை எட்டும் ஒரு தனிக் கோப்பை அது ஏற்காது, கலியாண வீடியோ வாசலிலேயே நின்றுவிடும். எக்ஸ்ஃபாட்டின் குறை என்னவெனில், எழுதும் நடுவில் பிடுங்கினால் பிழைப்பது கடினம். விண்டோஸ் மட்டுமே புழங்கும் வீட்டுக்கு என்.டி.எஃப்.எஸ். இவ்வகையில் உறுதியானது. உத்தரவாதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டு வாரன்ட்டி என்றால், மூன்று ஆண்டுக்குள் கெட்டால் வேறு டிஸ்க் தருவார்கள் என்று பொருள். உள்ளே இருந்ததற்கு யாரும் பொறுப்பில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் உண்மையில் சொல்ல வந்தது இதுதான். டிஸ்க்கைப் பரண் என்று நினைத்தேனே, அங்கேதான் நான் தவறினேன். வெண்கலப் பானை பரணில் ஒன்றுதான் இருக்கும். நூறு ஆண்டு கழித்து இறக்கினாலும் பானை பானைதான். டிஸ்க் அப்படியன்று. எந்த நிறுவனத்துடையது ஆனாலும், எவ்வளவு விலை கொடுத்தாலும், ஒருநாள் நிற்கும். ஒரு கோப்பு அதில் மட்டும் இருந்தால், அந்தக் கோப்பு பாதுகாப்பில் இல்லை. ஆதலின் 4 டெராபைட் ஒன்று வாங்கப் பணம் வைத்திருப்பவர் 2 டெராபைட் இரண்டாக வாங்கட்டும். எஸ்.எஸ்.டி.க்கு ஆசைப்படுபவர் அதே பணத்தில் இரண்டு ஹார்ட் டிஸ்க் வருமா என்று பார்க்கட்டும். இரண்டையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்காமல், வேறு வேறு நிறுவனத்துடையதாக, சில மாத இடைவெளியில் வாங்குவது மேல். ஒரே தொகுதியில் பிறந்தவை ஒரே குறையோடு பிறந்திருக்கக்கூடும்.

பெரிய நிறுவனங்களும் இதில் அடிபட்டிருக்கின்றன. பிக்சார் நிறுவனம் டாய் ஸ்டோரி இரண்டாம் படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்த 1998-இல், யாரோ தவறாகக் கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகள் மளமளவென்று அழியத் தொடங்கின. காப்பு நகல் இருக்கிறது என்று தைரியமாக இருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் அந்த நகல் முறை சில காலமாகவே சரியாக வேலை செய்யவில்லை. யாரும் அதுவரை திறந்து பார்த்ததில்லை. குழந்தை பிறந்ததனால் வீட்டிலிருந்தே வேலை பார்த்து வந்த கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப மேற்பார்வையாளரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்துக் கொண்டுவந்தார்களாம். படம் 1999-இல் வெளிவந்தது.

இந்தச் சம்பவத்தில் நமக்கு வேண்டியது இரண்டு. தப்பிய நகல் வேறொரு வீட்டில் இருந்தது. இரண்டு டிஸ்க்கையும் ஒரே அலமாரியில் அடுக்கினால், திருட்டோ தீயோ ஒழுகும் கூரையோ இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். மற்றொன்று, நகல் எடுத்ததோடு நில்லாமல் அதிலிருந்து சில கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். படம் தெரிகிறதா, பாட்டு முடிவுவரை ஓடுகிறதா என்று. இணையத்தில் மேகம் என்று வழங்கும் சேமிப்பு இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர் உண்டு. மிகவும் தேவையான சில ஜிகாபைட்டுக்கு அது நல்ல மூன்றாவது இடம். ஆனால் மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும். கடவுச்சொல் தொலைந்தால் கதவு திறவாது. செல்போனில் அழித்தால் அங்கேயும் அழியும்படி அமைந்தவை பல. இங்கே அழித்ததை அங்கேயும் உடனே அழிப்பது நகல் ஆகாது, நிழல்தான். அதே காரணத்தால் இரண்டாவது டிஸ்க்கையும் எந்நேரமும் செருகி வைக்கக்கூடாது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் ஏதும் கம்ப்யூட்டரில் புகுந்தால், செருகியிருக்கும் எல்லாவற்றையும் அது பூட்டிவிடும்.

எங்கள் வீட்டில் இப்போது நடப்பதைச் சொல்லி முடிக்கிறேன். 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒன்று கறுப்பு, ஒன்று நீலம். வேறு வேறு நிறுவனம். ஒன்று வீட்டு அலமாரியில், ஒன்று என் விடுதி டிரங்குப் பெட்டியில். கம்ப்யூட்டரில் உள்ளதை அழிப்பதில்லை. இடம் போதாதபோது உள்ளே இருந்த டிஸ்க்கையே பெரிதாக மாற்றினோம். தீபாவளிக்கும் கோடை விடுமுறைக்கும் நான் வீட்டுக்குப் போகும்போது விடுதி டிஸ்க்கைக் கொண்டுபோய், புதியவற்றை ஏற்றி, வீட்டில் இருப்பதை எடுத்து வருகிறேன். விடுதிக்கு வருவது கைமாறினாலும் பிறர் படிக்க முடியாதபடி வெராகிரிப்ட் என்ற நிரலால் பூட்டியிருக்கிறது. கடவுச்சொல்லை அம்மா ரேஷன் அட்டை உறைக்குள் எழுதி வைத்திருக்கிறாள். டிஸ்க்குகளுக்குப் பழைய சுங்குடிச் சேலைத் துணியில் இரண்டு பை தைத்துக் கொடுத்தவளும் அவளே.

மீட்டு வந்த படங்களில் ஆச்சி திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒன்றும் இருக்கிறது. கீழ்ப்பாதி சாம்பல் நிறப் பட்டையாகிவிட்டது. முகம் தெளிவாக இருக்கிறது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் நகல் சரியா என்று பார்க்க அப்பா திறப்பது அந்தப் படத்தைத்தான். அண்மையில் ஊரிலிருந்து சித்தப்பா தொலைபேசியில், தம் பழைய செல்போனிலும் ஆச்சி பேசியது ஏதோ கொஞ்சம் இருக்கும் போலிருக்கிறது என்றார். அதை யாரும் தொட வேண்டாம், வேறெங்கும் மாற்ற வேண்டாம், நான் வந்து நகல் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மே மாதத்தில் நீல டிஸ்க்கோடு ஊருக்குப் போகிறேன்.